காயமும் கணக்கும்: மதுரையிலிருந்து ஒரு வாசிப்பு

சித்தப்பாவுக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. மதுரையில் ஒரு தனியார் நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம், நாளைக்கு நீங்களே போய்ப் படுத்தாலும் அநேகமாக இதே கதைதான். வயிற்றில் வலை வைத்துத் தைத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று நாளும் காலையும் மாலையும் நரம்பு வழியாக செஃப்ட்ரியாக்சோன். கூடவே மெட்ரோனிடசோல். அதுவும் போதாதென்று அமிக்காசின். டிஸ்சார்ஜ் சீட்டில் இன்னும் ஐந்து நாளுக்கு செஃபிக்சிம் மாத்திரை. காயத்தில் சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. 'எதுக்குங்க இத்தனை?' என்று கேட்டேன். ட்யூட்டியில் இருந்த இளம் டாக்டர் கோபப்படாமல்தான் சொன்னார்: 'ஒரு சேஃப்டிக்குத்தான் சார். வீட்ல எப்படி வச்சுக்குவாங்கன்னு தெரியாதுல்ல.'

எங்கள் வீட்டை அவர் பார்த்ததில்லை. சித்தப்பாவின் வேட்டி, அவர் பாதம், கூட வந்திருந்த எங்கள் மேலூர்ப் பக்கத்துப் பேச்சு இவற்றை வைத்து அவர் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார். மண் தரை, வாசலில் சாக்கடை, கை கழுவத் தெரியாத சனம். அந்தக் கற்பனை வீட்டுக்கு எழுதப்பட்ட மருந்துதான் சித்தப்பாவின் நரம்பில் ஏறியது. மருந்துச் சீட்டும் ஒரு பிரதி என்று எடுத்துக்கொண்டால், இந்தப் பிரதி ஒரு வயிற்றைப் பற்றிப் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டு ஒரு வர்க்கத்தைப் பற்றிப் பேசுகிறது எனலாம்.

இதற்கு முன்னால், 2015இல், அப்பத்தாவுக்குக் கண்புரை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் பார்த்து, அரவிந்த் கண் மருத்துவமனை பஸ்ஸிலேயே மதுரைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பாயில் படுக்கை. சாப்பாடு, ஆபரேஷன், லென்ஸ் எல்லாம் இலவசம். திரும்பி வந்த அப்பத்தாவுக்கு ஒரே ஒரு குறை. 'என்ன பெரிய ஆஸ்பத்திரி. கண்ணக் கீறுனாக, வீட்டுக்கு வாரப்ப ஒரு ஊசி உண்டா மாத்திரை உண்டா? சொட்டு மருந்தக் குடுத்து அனுப்பிட்டாகய்யா. எலவசம்னா இப்படித்தான்.' இலவசம் என்றால் குறைவு என்பது அவருடைய வாழ்நாள் அனுபவம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உண்மையில் அவர் கண்ணில் மருந்து போயிருந்தது. ஆபரேஷன் முடிகிற கணத்தில், கண்ணின் முன்னறைக்குள், ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதில் அரை மில்லிகிராம் மாக்சிஃப்ளாக்சசின். இதே மருந்து மாத்திரையாக வரும்போது 400 மில்லிகிராம். அதாவது ஒரு மாத்திரையில் எண்ணூறில் ஒரு பங்கு, ஒரே ஒரு தடவை. அதோடு சரி. சித்தப்பாவுக்கு எட்டு நாள். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரிப் பேச்சு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் கிடைத்தவைதான் கீழே வருபவை.

காயம் என்ற சொல்லுக்குத் தமிழில் உடல் என்றும் பொருள், புண் என்றும் பொருள். இரண்டு சொற்கள் ஒலியில் ஒன்றுபட்டுப் போயினவா என்ற விவாதத்தை அகராதிக்காரர்களிடம் விட்டுவிடலாம். அறுவை மருத்துவத்தின் வரலாறு முழுக்க இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறது: புண்ணில் சீழ் பிடித்தால் குற்றம் அந்த உடலினுடையதா, புண்ணை உண்டாக்கிய கையினுடையதா?

1847இல் வியன்னாவில் செம்மெல்வைஸ் கையைத்தான் சுட்டிக்காட்டினார். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வருகிறீர்கள், குளோரின் கலந்த நீரில் கழுவிவிட்டு வாருங்கள் என்றார். மருத்துவர்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். அவர் 1865இல் ஒரு மனநலக் காப்பகத்தில் செத்துப்போனார். அதே 1847இல்தான் அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். அவரும் அவருடைய மாணவர்களும் மேற்கத்திய மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார்கள். அறுவை மருத்துவத்துக்கான 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. கார்பாலிக் அமிலத்தைக் காயத்திலும் கருவியிலும் பயன்படுத்திக் கண்ட பலனை லிஸ்டர் லான்செட் இதழில் எழுதியதும் அதே 1867. (தமிழில் அறுவை மருத்துவம் அச்சேறிய ஆண்டும் நவீன அறுவை மருத்துவத்தின் பிறந்த ஆண்டும் ஒன்று என்பதைத் தமிழ் எம்.ஏ.வில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கலைச்சொல்லாக்கம் என்ற ஒரு தாளில் கிறீன் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தோம்.)

செம்மெல்வைஸும் லிஸ்டரும் சந்தேகப்பட்டது மருத்துவர் பக்கத்தை. அவர் கை, அவர் கத்தி, அவர் அறை. 1940களில் பெனிசிலின் வந்து சேர்ந்ததும் இந்தச் சந்தேகம் மெல்லத் திசை மாறுகிறது. கிருமியைக் கொல்ல உடலுக்குள்ளேயே ஆள் அனுப்ப முடியும் என்றான பிறகு கையைப் பற்றிய பதற்றம் குறைகிறது. ஆபரேஷன் முடிந்த எல்லோருக்கும் ஊசி போடு என்பது வழக்கமாகிறது. ஆனால் 1950களில் வந்த பல ஆய்வுகளில் இப்படிப் பின்னால் போட்ட ஊசியால் பலன் தெரியவில்லை. ஏன் என்பதற்கு 1961இல் ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கினி எலிகளை வைத்து விடை சொன்னார். தோலில் கிருமியைச் செலுத்தினார். அதற்குச் சற்று முன்னாலோ கூடவேயோ மருந்து கொடுத்தால் புண் பெரிதாகவில்லை. நேரம் போகப்போகப் பலன் குறைந்தது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் வித்தியாசமே இல்லை.

சங்கதி எளிமையானது. கத்தி வைக்கிற நேரத்தில்தான் கிருமி உள்ளே விழுகிறது. அந்த நேரத்தில் தசையில் மருந்து ஏற்கெனவே தயாராக நிற்க வேண்டும். தைத்து மூடி, ரத்தம் உறைந்து, கிருமி இடம் பிடித்துவிட்ட பிறகு ஐந்து நாள் போட்டாலும் பத்து நாள் போட்டாலும் விட்டுப்போன அந்த ஒரு மணி நேரத்தை ஈடுகட்ட முடியாது. 1992இல் க்ளாசென் குழுவினர் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 2,847 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று. ஆபரேஷன் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு பெற்றவர்களில் 3.3 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்பு மருந்தை நீட்டாதே என்கிறது. (சீழ் பிடித்துவிட்ட காயத்துக்குக் கொடுக்கிற மருந்து வேறு விஷயம். அதற்கு நாள் கணக்கு உண்டு, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.) ஆக, சித்தப்பாவுக்குத் தேவைப்பட்டது அதிகம் போனால் மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் ஒரு ஊசி. மற்ற எட்டு நாளும் அந்த டாக்டரின் பயத்துக்குப் போட்ட ஊசி.

இந்தப் பயத்துக்கு ஒரு மொழி இருக்கிறது. 1964இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்விலிருந்து அறுவைக் காயங்களை நான்காக வகைப்படுத்துகிறார்கள். சுத்தமான காயம், சுத்தமும் மாசும் கலந்த காயம், மாசுபட்ட காயம், அழுக்கான காயம். குடலைத் திறந்தால் ஒரு வகை, திறக்காவிட்டால் ஒரு வகை, ஏற்கெனவே சீழ் இருந்தால் ஒரு வகை. வகைப்பாடு காயத்துக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல. ராஜா வீட்டுப் பிள்ளையின் வெடித்த குடல்வால் அழுக்கான காயம். கூலிக்காரனின் குடலிறக்கம் சுத்தமான காயம். ஆனால் சுத்தம், அழுக்கு என்ற சொற்கள் நம் ஊர் வார்டுக்குள் நுழையும்போது வெறுங்கையோடு நுழைவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுச் சாதியச் சொல்லாடலைச் சுமந்துகொண்டு வருகின்றன. காயத்தின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய சீட்டு நழுவி ஆளின் நெற்றியில் போய் ஒட்டிக்கொள்கிறது. 'இவங்களுக்கு அஞ்சு நாள் போட்டுருவோம்' என்பதில் வருகிற அந்த 'இவங்க' யார் என்று தலித் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்படிச் சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதுமில்லை, இரக்கத்தோடுதான் சொல்கிறார். இரக்கமும் இந்த மொழியைத்தான் பேசுகிறது என்பதுதான் சிக்கல்.

இனி அப்பத்தாவின் கண்.

கண்புரை ஆபரேஷனில் பயப்பட வேண்டிய விஷயம் கண்ணுக்குள் சீழ் பிடிப்பது. ஆபரேஷன் ஆன சில நாளில் கண் சிவந்து வலி எடுக்கும், பார்வை மங்கும். பலருக்குப் பார்வை திரும்புவதேயில்லை. 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த ஒரு இலவச முகாம் வழியாக ஆபரேஷன் செய்துகொண்ட 60க்கும் மேற்பட்ட கிராமத்து மக்கள் இப்படிப் பார்வையை இழந்தார்கள். முகாம் என்ற சொல்லைக் கேட்டாலே கிராமத்தில் சிலர் இன்றும் பின்வாங்குவதற்கு இப்படிப்பட்ட சம்பவங்கள் காரணம்.

மதுரையில் முகாம்களின் வரலாறு அரவிந்துக்கு முந்தியது. வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியிலும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியிலும் கண் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த காலத்திலேயே ஊர் ஊராக முகாம் போட்டவர். (எர்ஸ்கின் இப்போது அரசு இராசாசி மருத்துவமனை. மதுரைக்காரர்களுக்கு எப்போதும் பெரியாஸ்பத்திரி.) மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன கையோடு ஆபரேஷன் செய்தவர். 1976இல் ஓய்வுபெற்றதும் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார். காசு கட்டுபவர் ஒரு பக்கம், கட்டாதவர் ஒரு பக்கம். 1992இல் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை மலிவாகச் செய்ய அரோலேப் தொடங்கப்பட்டது. மக்டொனால்ட் உணவகத்தைப் போலக் கண் சிகிச்சையும் எல்லா இடத்திலும் ஒரே தரத்தில், பெரிய எண்ணிக்கையில் நடக்க முடியும் என்று அவர் பேசினார். ஹார்வர்டில் மேலாண்மை மாணவர்களுக்குப் பாடமாக வைத்தார்கள். நம் தோழர்களுக்கு இதெல்லாம் கசக்கும். எனக்கும் கசந்தது. மனிதக் கண்ணை அசெம்ப்ளி லைனில் வைக்கிற முதலாளிய நிர்வாக மொழி என்று ஒரு கட்டுரையே எழுதலாம்.

ஆனால் அந்த வரிசையில் ஒரு பழக்கம் இருந்தது. கண்ணில் சீழ் பிடித்தால் எழுதிவைப்பது. 2007-08இல் 42,426 ஆபரேஷன். அதில் 38 கண்ணில் சீழ். இந்த எண்ணை அவர்களே ஆய்விதழில் வெளியிட்டார்கள். பத்தாயிரத்துக்கு ஒன்பது. உலகின் நல்ல மருத்துவமனைகளோடு ஒப்பிடத்தக்கது. அதோடு திருப்திப்பட்டு விட்டிருக்கலாம். இதற்குள் ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு, ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே செஃப்யூராக்சிம் செலுத்தினால் தொற்று ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது என்று காட்டியிருந்தது. மதுரையில் மாக்சிஃப்ளாக்சசினைத் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணுக்குள் செலுத்துவதற்கென்றே அரோலேப் அதைத் தயாரித்தது.

2014-15இல் மதுரை அரவிந்தில் நடந்ததை ஹரிபிரியாவும் சக மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். மொத்தம் 1,16,714 கண்கள். முதலில் 37,777 இலவச நோயாளிகளின் கண்களில் இந்த மருந்து இல்லாமல் ஆபரேஷன். 30 கண்ணில் சீழ். பிறகு 38,160 இலவச நோயாளிகளின் கண்களில் மருந்தோடு. 6 கண்ணில் சீழ். காசு கட்டிய நோயாளிகளின் 40,777 கண்களில் மருந்து இல்லாமல். 29 கண்ணில் சீழ்.

இந்த மூன்று வரியை எப்படி வாசிப்பது? முதல் வாசிப்பு நம் எல்லோருக்கும் தயாராக இருக்கிறது: புது மருந்தை ஏழையின் கண்ணில் போட்டுப் பார்த்தார்கள். காலனிய மருத்துவம் தொடங்கி மருந்துக் கம்பெனிகளின் சோதனைகள் வரை இந்த நாட்டில் ஏழை உடல் சோதனைக்கூடமாக இருந்ததற்கு ஆதாரம் ஏராளம், அதனால் இந்தச் சந்தேகத்தை நான் கைவிடச் சொல்லவில்லை. நானும் இப்படித்தான் முதலில் வாசித்தேன். பென்சிலால் ஓரத்தில் 'யாரைக் கேட்டு?' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் எண்கள் உறைத்தன. இந்தக் கணக்கில் சாதாரணமான அபாயத்தோடு விடப்பட்டவர்கள் காசு கட்டியவர்கள். பாதுகாப்பு முதலில் போய்ச் சேர்ந்தது பாயில் படுத்தவர்களுக்கு. மருந்து ஏற்கெனவே பல நாடுகளில் கண்ணுக்குள் பயன்பட்டுவந்த ஒன்று. சீட்டுக் குலுக்கி ஆளைப் பிரித்த சோதனையுமில்லை, நடைமுறையை மாற்றிவிட்டுப் பின்னால் கணக்கெடுத்தது. அதனால் இது எல்லாச் சந்தேகத்துக்கும் அப்பாற்பட்ட ஆதாரமாகாது என்று ஒரு புள்ளியியல்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பிறகு மற்றக் கிளைகளும் சேர்ந்தன. பத்து மருத்துவமனை, 6,17,453 ஆபரேஷன். மருந்தில்லாத 3,02,815 கண்களில் 214 பேருக்குச் சீழ். மருந்து போட்ட 3,14,638 கண்களில் 64. பழைய விகிதமே தொடர்ந்திருந்தால் இரண்டாவது கூட்டத்தில் சுமார் 222 கண்ணில் சீழ் பிடித்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட 158 கண்கள். 158 பேர் பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் யார் யார் என்று அவர்களுக்கும் தெரியாது நமக்கும் தெரியாது. எங்கள் அப்பத்தாவாகவும் இருக்கலாம்.

அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு கண்ணைக் காப்பாற்ற ஏறக்குறைய இரண்டாயிரம் கண்ணுக்கு மருந்து போட வேண்டியிருக்கிறது. மிச்சமுள்ளவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது. தடுப்பு மருந்தின் அறம் முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது. தேவையில்லாத ஆயிரத்துச் சொச்சம் பேரின் உடலுக்குள் அனுப்பப்படுவது அரை மில்லிகிராம் என்றால் அது ஒரு செலவு. கிராம் கணக்கில் எட்டு நாள் என்றால் அது வேறு செலவு. இந்த இரண்டாவது செலவைக் கட்டுவது சித்தப்பா மட்டுமில்லை. அவர் குடலில் உள்ள கோடானுகோடி கிருமிகளில் சாகாமல் தப்பியவை அவரோடு வீட்டுக்கு வருகின்றன. அடுத்த கட்டிலில் படுப்பவனுக்கு, அடுத்த பிரசவத்துக்கு அந்தப் பில் போகிறது. பக்கவிளைவு என்ற சொல் ஓர் உடலுக்குள் நடப்பதை மட்டும் குறிக்கிறது. ஓர் உடலில் போட்ட மருந்து இன்னோர் உடலில் வேலை செய்யாமல் போவதற்குத் தமிழில் இன்னும் நல்ல சொல் இல்லை.

1990களில் எங்களுக்கு முந்தைய தலைமுறை ஃபூக்கோவைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது, எண்ணுவது, பதிவேட்டில் ஏற்றுவது, வகைப்படுத்துவது ஆகியவை அதிகாரம் உடலைப் பிடிக்கிற வழிகள் என்று கற்றுக்கொண்டோம். மருத்துவமனை என்றாலே கண்காணிப்பு என்று எழுதிக் கை பழகிவிட்டது. அந்தப் பாடம் தப்பு என்று சொல்ல வரவில்லை. அதில் பாதிதான் நம்மிடம் வந்து சேர்ந்ததோ என்று தோன்றுகிறது. பாரிஸ் மருத்துவமனைகளில் எண்ணப்பட்ட உடல்களைப் பற்றி அவர் எழுதினார். நம் ஊரில் பெரும்பாலான உடல்கள் எண்ணப்படுவதே இல்லை. ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போனவன் பத்தாம் நாள் சீழோடு உள்ளூர் டாக்டரிடம் போவான், அந்தச் சீழ் ஆபரேஷன் செய்த இடத்தின் பதிவேட்டில் ஏறாது. அங்கே தொற்று விகிதம் பூஜ்யம். எண்ணாமல் விடுவது விடுதலை கொடுக்கவில்லை, கேள்வி கேட்கப்படாத அதிகாரத்தைக் கொடுத்தது. ஐந்து நாள் ஊசி என்ற பழக்கம் உயிர்வாழ்வதே இந்தக் கணக்கில்லாத வெளியில்தான். போட்டதால் சீழ் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்ப்பிக்க ஆளில்லை.

இதை அரவிந்த் புகழாரமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கண் ஒரு வசதியான உறுப்பு. சின்ன அறை, சின்ன வெட்டு, சில நிமிட வேலை, அயோடின் கரைசலில் கழுவி எடுத்தால் பெரும்பகுதிக் கிருமி போய்விடும். பெரியாஸ்பத்திரியில் நள்ளிரவில் வருகிற வெடித்த குடலுக்கும் நாலுவழிச்சாலையில் நசுங்கிய காலுக்கும் இந்த வசதி கிடையாது. அங்கே பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 66 நாடுகளில் 12,539 நோயாளிகளை வைத்து வயிற்று ஆபரேஷன்கள் பற்றி 2018இல் வந்த ஓர் ஆய்வில், வளர்ச்சிக் குறியீட்டில் மேலே உள்ள நாடுகளில் காயத்தொற்று 9.4 சதவீதம், நடுவில் உள்ளவற்றில் 14, கீழே உள்ளவற்றில் 23.2. இந்த வித்தியாசம் ஏழைகளின் வீட்டிலிருந்து வருவதாக டாக்டர்கள் நினைக்கிறார்கள். ஆனால் 2022இல் இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 13,301 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் கையுறையையும் கருவிகளையும் மாற்றினார்கள், அவ்வளவுதான். தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆனது. மருந்து எதையும் கூட்டவில்லை. மறுபடியும் கை. செம்மெல்வைஸ் சொன்ன அதே கை.

ஆனால் கையுறை மாற்ற இன்னொரு ஜோடி கையுறை வேண்டும். கருவி மாற்ற இன்னொரு செட் கருவியும், வேகவைத்து எடுக்க ஆளும் வேண்டும். வார்டில் இத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் என்று வேண்டும், தண்ணீர் வேண்டும், தரையில் படுக்காமலிருக்கக் கட்டில் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரு குப்பி செஃப்ட்ரியாக்சோன் இருக்கிறது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டு, மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியது. வெளியில் எழுதிக்கொடுத்து, தாலியை அடகு வைத்து மருந்து வாங்கிய காலத்தைப் பார்த்த எவரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். எனக்கும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மருந்தைக் குப்பியில் அடைத்து லாரியில் அனுப்ப முடியும், நர்ஸை அப்படி அனுப்ப முடியாது. வார்டுக்கு வந்து சேர்ந்தது எதுவோ அதைக் கொண்டு சமாளித்தார்கள். இல்லாத தண்ணீருக்கும் இல்லாத ஆளுக்கும் பதிலியாக ஆன்ட்டிபயாடிக் நின்றது. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை ஒரு மூலக்கூறின் தலையில் கட்டியதாகத்தான் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூலக்கூறு எவ்வளவு காலம் தாங்கும்? 2010இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு ஒரு கட்டுரை வந்தது. கடைசி அரணாக வைத்திருந்த கார்பாபெனம் மருந்துகளையும் உடைக்கும் மரபணு கொண்ட கிருமிகள். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37. அந்த நொதிக்கு முந்தைய ஆண்டே 'நியூ டெல்லி' என்று பெயர் வைத்திருந்தார்கள். உடனே டெல்லிக்கு ரோஷம் வந்தது. நாட்டுக்குக் களங்கம், மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று நாடாளுமன்றம் வரைக்கும் பேச்சு. பெயரில் ஏகாதிபத்தியத் திமிர் இல்லையென்று சொல்ல மாட்டேன், நோய்களுக்குக் கிழக்கின் பெயர் வைப்பது காலரா காலத்துப் பழக்கம். ஆனால் பெயருக்காகக் கொதித்த தேசியம் வார்டுகளுக்காகக் கொதிக்கவில்லை. 2012இல் சென்னையில் மருத்துவர் சங்கங்கள் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டன. 2014 மார்ச்சிலிருந்து 24 ஆன்ட்டிபயாடிக்குகள் உள்ளிட்ட 46 மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி. மருந்துக்கடைக்காரனுக்குப் பதிவேடு வந்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டருக்கு அப்படி ஒரு பதிவேட்டைக் கட்டாயமாக்க யாருக்கும் தோன்றவில்லை.

நோயாளிப் பக்கமும் சும்மா இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்பதில் அப்பத்தாவும் அந்த நர்சிங் ஹோமும் ஒரே கட்சி. சித்தப்பா மூன்று நாளோடு மாத்திரையை நிறுத்திவிட்டார், வயிற்றைப் பிரட்டுகிறதென்று. மீதி நாலு மாத்திரையைச் சித்தி பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் எடுத்துக்கொடுத்தார். நல்ல மனசுதான். மருந்தைப் பகிர்வது எங்கள் தெருவில் சோற்றைப் பகிர்வது மாதிரி.

தையல் பிரிக்கப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். காயம் சுத்தமாக ஆறியிருந்தது. 'பாத்தீங்களா சார்?' என்று அதே இளம் டாக்டர் சிரித்தார். போன வருஷம் இங்கே எத்தனை குடலிறக்கம் பண்ணினீர்கள், அதில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது என்று கேட்டேன். அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கவுன்டரைப் பார்த்தார். 'அப்படியெல்லாம் கணக்கு வைக்கிறதில்ல சார்.' வெளியே வந்து பில்லைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு பக்கம். சிரிஞ்ச் எத்தனை, கையுறை எத்தனை ஜோடி, பஞ்சு எத்தனை பாக்கெட், அமிக்காசின் எத்தனை குப்பி, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு. ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள்.